குருவிக்குப் பின்னால் ஒரு குரல்

எங்கள் காட்டு விடுதியில், காட்சிக்கூடத்தின் நடுவில் சிமெண்டில் செய்த மரம் ஒன்று நிற்கிறது. அதன் பட்டையில், மரத்தில் செதுக்கி வண்ணம் பூசிய ஒரு குருவி தொற்றிக்கொண்டிருக்கும். கீழே பச்சைப் பொத்தான். அழுத்தினால் மரமேறிக் குருவியின் பாட்டு வரும். மெலிதாக, உயரத்தில் ஆரம்பித்து, கண்ணாடித் தட்டில் கடுகு கொட்டியது போல் இறங்கிக்கொண்டே வரும் பாட்டு. அது முடியப்போகும் நேரத்தில், பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வெடிக்கும்.

"என்னை அனுப்பிடுங்க! இப்பவே அனுப்பிடுங்க!"

கூடம் குலுங்கிச் சிரிக்கும். பிள்ளைகள் மறுபடி அழுத்துவார்கள். அப்பாக்கள் அம்மாக்களைப் பார்த்துக் கண்ணடிப்பார்கள். யாராவது ஒருவர் "பாவம், புருஷன் என்ன பாடு படுத்தினானோ" என்பார். இன்னொருவர் "புருஷன்தான் பாவம்" என்பார். மூன்றாவது தடவை அழுத்தும்போது குருவி பாடுவதை ஒருவரும் கேட்கமாட்டார்கள். அந்தக் குரல் எப்போது வரும் என்று வாயைத் திறந்தபடி காத்திருப்பார்கள்.

அது எங்கள் சலவைக்காவின் குரல். அதை எடுத்தவர் அவளைக் கேட்கவில்லை. வைத்தவர்கள் அவளைக் கேட்கவில்லை. ஒரு குருவியின் கூட்டுக்குப் பக்கத்தில் போவதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும் என்று வாசலில் பெரிய பலகை மாட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளையின் வாய்ப்பேச்சை எடுத்துப் பொத்தானுக்குள் அடைக்க மட்டும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை போலிருக்கிறது.

சலவைக்கா கல்யாணமாகி இந்த மலைக்கு வந்தபோது அவளுடைய வீட்டுக்காரர் காட்டு விடுதியின் கேட்டில் காவல். வந்த கொஞ்ச நாளிலேயே அவளைச் சலவைக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே ஒரு பாய்லர் இருக்கிறது. சளி பிடித்த கிழவன் மாதிரி நாள் முழுக்க இருமும். துணி பிழியும் மெஷின் ஒன்று இருக்கிறது. அடியில் கல்லை முட்டுக் கொடுக்காவிட்டால் ஆடிக்கொண்டே வாசல்வரை நடந்து போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று பேசிப் பேசி அவளுக்கு அந்தக் குரல் வந்தது. "டீ குடிச்சியா?" என்று அவள் அன்பாகக் கேட்டாலே புதிதாக வேலைக்கு வந்தவர்கள் நாம் என்ன தப்புச் செய்தோம் என்று யோசிப்பார்கள். ரகசியம் சொல்கிறேன் என்று அவள் குனிந்தால் அடுத்த வரிசை வீட்டில் ஜன்னலைத் திறப்பார்கள்.

இந்த மலையில் துணி காயாது. பொழுது ஏறினால் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் எழுந்து வந்து கொடியில் தொங்குவதை எல்லாம் நக்கிவிட்டுப் போகும். விடிந்ததும் வெயில் கொஞ்ச நேரம் எட்டிப் பார்க்கும். அதற்குள் விரிப்புகளைப் போட்டு எடுத்துவிட வேண்டும். பிறகு உலர்த்தும் கொட்டகையில் வெந்நீர்க் குழாய்களின் மேல் மிச்ச ஈரம் போக வேண்டும். அதனால் அவளுடைய நாள், குருவிகள் எழுந்திருக்கும் நேரத்தில் ஆரம்பிக்கும்.

இரட்டைக் கட்டில் விரிப்பை ஒரு ஆள் உதறி மடிக்க முடியாது. ஒரு முனையை அவள் பிடிப்பாள், மறு முனையை வீட்டுக்காரர் பிடிப்பார். இழுத்து, உதறி, கிட்டே வந்து, முனையோடு முனை சேர்த்து, மறுபடி விலகி. கேட்டுக்குப் போவதற்கு முன் தினமும் இது அவர் வேலை. குடும்ப விஷயம் எல்லாவற்றையும் அவர்கள் அப்போதுதான் பேசுவார்கள். அவளுக்கு அது வசதி. வீட்டுக்குள் என்றால் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு நழுவிவிடுவார். கையில் விரிப்பின் முனை இருக்கும்போது எங்கே போவார்? விட்டால் வெள்ளைத் துணி சேற்றில் விழும். அதை மறுபடி துவைப்பது யார் என்று அவருக்குத் தெரியும்.

கொட்டகையை ஒட்டி ஒரு முதிய மரம். அதன் பட்டை உரிந்து உரிந்து தொங்கும். அதில் கொடி கட்டினால் வெள்ளை விரிப்பில் பழுப்புத் தூள் படிகிறது என்று அவள் அந்த மரத்தைத் தொடுவதில்லை. அவள் தொடாததால் வேறு யாரும் தொடவில்லை. அதனால்தான் மரமேறிக் குருவி அதன் பட்டைக்குப் பின்னால் கூடு கட்டியது. சலவைக்காவுக்குப் பறவைமேல் ஆசை என்று பிற்பாடு சிலர் கதை கட்டினார்கள். ஆசையும் இல்லை, ஒன்றும் இல்லை. கண் முன்னால் இருந்தது, பார்த்தாள்.

காய்ந்த இலை நிறம், வெளுத்த வயிறு, வளைந்த ஊசி மாதிரி மூக்கு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வாலை மரத்தில் ஊன்றிக்கொண்டு, அடியிலிருந்து மரத்தைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். வழியில் ஒவ்வொரு வெடிப்பிலும் மூக்கை விட்டுப் பூச்சி எடுக்கும். உச்சிக்குப் போனதும் பொத்தென்று அடுத்த மரத்தின் அடிக்கு இறங்கி, மறுபடி முதலிலிருந்து.

"மாடிப்படி கழுவற லட்சணத்தைப் பாரு" என்பாள் சலவைக்கா. "கீழேருந்து கழுவிக்கிட்டு மேலே போகுது. கூறு இருந்தா மேலேருந்து இறங்காதா?"

காட்சிக்கூடம் கட்டப் போகிறார்கள் என்று பேச்சு வந்த வருடம், குருவிகள் கூடு கட்டும் பருவத்தில், ஒலிப்பதிவுக்காரர் ஒருவர் வந்தார். தாடி வைத்த, மெதுவாகப் பேசுகிற இளைஞர். மரமேறிக் குருவி வாய் திறப்பதே அபூர்வம். கூடு கட்டும் சில வாரங்களில், விடியும் நேரத்தில் மட்டும் பாடும். கொட்டகைக்குப் பக்கத்து மரத்தில் கூடு இருக்கிறது என்று கேள்விப்பட்டு, முந்தின நாள் சாயங்காலமே அங்கே புதருக்குள் மைக்கைக் கட்டி வைத்தார்.

நாளைக்கு விடியற்காலையில் அந்தப் பக்கம் சத்தம் கூடாது என்று மேனேஜர் அறிவித்தார். எங்கே அறிவித்தார்? கேட்டில், ஆண்கள் டீ குடிக்கும் இடத்தில். விடியற்காலையில் கொட்டகையில் யார் வேலை செய்கிறார்கள் என்று விடுதியில் எல்லோருக்கும் தெரியும். அவளிடம் போய்ச் சொல்ல மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. "வீட்ல சொல்லிடுங்கப்பா" என்றார்களாம். இங்கே எல்லா அறிவிப்பும் இப்படித்தான் போகும். கேட்டில் சொன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

அன்று சாயங்காலக் கடைசி பஸ்ஸில் அவர்களுடைய மகள் வந்து இறங்கினாள். கையில் ஒரு பை. முழுக்கை ரவிக்கை. அவளுக்குக் கல்யாணமாகி வருடம் ஒன்று முடிந்திருந்தது. வீட்டில் பாப்பா என்றுதான் பெயர். எவ்வளவு வளர்ந்தாலும் பாப்பாதான். வந்தவள் தண்ணீர் குடித்தாள், ஒன்றும் பேசாமல் சுவர் ஓரமாகப் படுத்துக்கொண்டாள். கையை மடித்துத் தலைக்கு வைத்தபோது ரவிக்கைக் கை விலகியது. சலவைக்கா பார்த்தாள். கறையைப் பார்த்து அது எதனால் ஆனது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுநாள் விடிந்ததும் கொட்டகைப் பக்கம் விரிப்பு இரண்டு முனையிலும் இழுபட்டது.

"சின்னஞ்சிறுசுங்க சண்டை" என்றார் வீட்டுக்காரர். "ரெண்டு நாள் இருக்கட்டும். அப்புறம் நானே கொண்டுபோய் விட்டுட்டு வரேன். அவன்கிட்டயும் நாலு வார்த்தை சொல்லிட்டு வரேன்."

சலவைக்கா குரலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தினாள். கொட்டகையை ஒட்டிய வீட்டுக்குள் பெண் தூங்குகிறாள் என்று நினைத்தாள். "கையைப் பாத்தீங்களா? பாத்துட்டுமா சொல்றீங்க? பாப்பாவை அனுப்பறதா இருந்தா முதல்ல..."

அதற்குமேல் தாழ்ந்த குரல் அவளுக்குக் கட்டுப்படவில்லை.

"என்னை அனுப்பிடுங்க! இப்பவே அனுப்பிடுங்க!"

மரத்தில் குருவி பாடிக்கொண்டிருந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. புதருக்குள் இருந்த மைக் கவனித்தது.

வீட்டுக்காரர் முனையைச் சேர்த்துக் கொடுத்துவிட்டுக் கேட்டுக்குப் போனார். சாயங்காலம் வேலை முடிந்து வந்து, மகள் தலையில் கை வைத்து, "நீ எங்கயும் போகவேண்டாம்மா. இங்கயே இரு. அப்பா இருக்கேன்ல" என்றார். மகள் அழுதாள். அதற்குப் பிறகு குடியிருப்பு முழுக்க அவளுக்கு அப்பா புராணம்தான். "எங்கப்பா ஒரே வார்த்தைல சொல்லிட்டாரு. எந்த அப்பா இப்படிச் சொல்வாரு?" சலவைக்கா அதைக் கேட்டுக்கொண்டே தலையணை உறைகளை மடித்தாள். காலையில் நடந்ததை மகளிடம் சொல்லவில்லை. அடிபட்டு வந்த பெண்ணுக்கு அப்பாவாவது முழுசாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். யார் சொன்னால் என்ன, பெண் போகவில்லை, அது போதும்.

மகளுக்கு விடுதி வரவேற்பு மேஜையில் வேலை கிடைத்தது. வீட்டுக்காரருக்கு முட்டி வலி வந்து, கேட்டிலிருந்து மாற்றி, புதிதாகத் திறந்த காட்சிக்கூடத்தில் டிக்கெட் கிழிக்கப் போட்டார்கள். பெரியவர்களுக்குப் பொத்தான் அழுத்திக் காட்டுவதும் அவர் வேலை. சலவைக்கா அந்தப் பக்கம் போகவில்லை. "மரம் பாக்கணும்னா நான் ஜன்னலைத் திறப்பேன். சிமெண்டு மரத்தை எதுக்குப் பாக்கணும்?"

அதனால் ஊரிலேயே கடைசியாக அவளுக்குத் தெரிந்தது.

முதலில் பிள்ளைகள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சலவைக்கூட வாசலில் "அனுப்பிடுங்க, அனுப்பிடுங்க" என்று கத்திவிட்டு ஓடினார்கள். அவர்களுடைய பந்து உள்ளே விழுந்துவிட்டதாக்கும் என்று பாய்லருக்கு அடியிலெல்லாம் குனிந்து தேடினாள். பிறகு விடுதிச் சமையல்காரர், "என்னக்கா, மூட்டை கட்டியாச்சா? எப்பப் பயணம்?" என்றார். அவருக்கு எப்போதும் இந்த மாதிரி அசட்டு விளையாட்டு உண்டு என்று அவள் சட்டை பண்ணவில்லை.

ஒரு நாள் மாடி அறைக்குத் துண்டு கொண்டுபோனாள். கதவைத் திறந்த அம்மாளிடம், "பெரிய துண்டு ரெண்டு, சின்னது ரெண்டு. ஈரத்துண்டு இருந்தா குடுங்கம்மா" என்றாள். அந்த அம்மாள் கண்ணை அகல விரித்தாள். உள்ளே திரும்பி, "ஏங்க, இங்க வாங்க! அந்தக் குருவி லேடி!" என்று கூவினாள். அந்த அம்மாளின் கணவர் ஓடி வந்தார். போனை எடுத்துச் சலவைக்காவின் முகத்துக்கு நேராக நீட்டி, "ஒரே ஒரு தடவை சொல்லுங்களேன், ப்ளீஸ். அனுப்பிடுங்கன்னு. எங்க பையனுக்குக் காட்டணும்" என்றார்.

"என்ன சொல்லணும்?"

"மிஷின்ல வருதே, அது மாதிரி. அழற மாதிரி."

துண்டுகளை அந்த அம்மாள் கையில் திணித்துவிட்டு அவள் படி இறங்கினாள். ஈர ஏப்ரனை அவிழ்க்கவில்லை. நேரே காட்சிக்கூடம். வாசலில் டிக்கெட்டோடு நின்ற வீட்டுக்காரரின் கை அவளைப் பார்த்ததும் தானாக ஸ்விட்ச் பக்கம் போனது. தாமதம். உள்ளே ஒரு பிள்ளை அதற்குள் அழுத்திவிட்டது. குருவி பாடியது. அப்புறம் அவள் கேட்டாள், தன்னையே.

கூடம் சிரித்தது. அவள் தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

மேனேஜர் நல்ல மனிதர்தான். யாரையும் வா போ என்று பேசமாட்டார். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். வரவேற்பு மேஜை அவருடைய அறைக்கு வெளியேதான், கதவு திறந்திருந்தது. மகள் யாருக்கோ சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அதை எடுத்துடுங்க" என்றாள் சலவைக்கா.

"எதுக்கும்மா? ஜனங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. உண்மையச் சொன்னா, குருவியவிட உங்களுக்குத்தான் ரசிகர் ஜாஸ்தி" என்று சிரித்தார் மேனேஜர்.

"அவங்க எதுக்குச் சிரிக்கறாங்க, சார்?"

"அது... சும்மா. புருஷன் பொண்டாட்டி சண்டை. எல்லா வீட்லயும் நடக்கறதுதானே. உங்களுக்கு என்னம்மா போச்சு?"

அவளுக்கு என்ன போயிற்று என்று அவரால் யோசிக்க முடியவில்லை. அது அவர் வீட்டு விஷயம் இல்லையே. அவருடைய மனைவி காலையில் அவரிடம் சொன்னதை எடுத்து, முன்னும் பின்னும் வெட்டி, சிமெண்டு மரத்தில் மாட்டினால் தெரிந்திருக்கும்.

ஒலிப்பதிவுக்காரருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். அந்தத் தம்பி பதறிப்போனார். "அக்கா, மன்னிச்சிடுங்க, எனக்கு அது யார் குரல்னே தெரியாது. அந்தப் பருவம் முழுக்க அது ஒழுங்கா பாடினதே அந்த ஒரு தடவைதான். நீங்க முதல்ல ஏதோ மெதுவாப் பேசறீங்க. அதை நான் துடைச்சு எடுத்துட்டேன். கத்தினது மட்டும் பாட்டோட கடைசிலயே பின்னிக் கிடக்கு. அதை எடுத்தா பாட்டும் போயிடும்."

"துடைக்கறதுன்னா எல்லாத்தையும் துடைக்கணும் தம்பி" என்றாள் அவள். "பாதிக் கறையை விட்டுட்டு, வெளுத்தாச்சுன்னு விரிப்பை நான் கட்டில்ல போட்டா இந்த சார் என்னைச் சும்மா விடுவாரா?"

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "சரிம்மா, அன்னைக்கு நீங்க என்னதான் சொன்னீங்க? முழுசாச் சொல்லுங்க. பக்கத்துல ஒரு பலகையில எழுதி வெச்சிடலாம். அப்போ யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

சலவைக்கா வாயைத் திறந்தாள். வெளியே மகள், "ரெண்டாவது மாடி சார், படி ஏறினதும் இடது பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொன்னால், பாப்பாவுக்காகச் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். ஏன் சொன்னேன் என்றால், அப்பா உன்னைத் திருப்பி அனுப்பப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அவளுக்கு ஒரே வழிதான் இருந்தது; அது பெண்ணின் மனசில் இருந்த அப்பாவின் மேலே ஏறிப் போனது.

வாயை மூடிக்கொண்டாள்.

"அடுத்த சீசன்ல பாக்கலாம்மா" என்றார் மேனேஜர்.

வீட்டில் அன்றைக்கு வீட்டுக்காரர் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். தட்டில் ஒன்றும் விழவில்லை.

"தினமும் கேக்கறீங்க" என்றாள். "நீங்களே அழுத்தறீங்க. ஊர் சிரிக்குது. ஒரு நாளாவது வந்து சொன்னீங்களா?"

"சொன்னா நீ வருத்தப்படுவேன்னு..."

"இப்போ ஆனந்தமா இருக்கேனாக்கும்! மேனேஜர்கிட்டயாவது சொன்னீங்களா, எடுத்துடுங்க, என் பொண்டாட்டின்னு?"

"எடுன்னா ஏன்னு கேப்பாரு. ஏன்னா..." அவர் நிறுத்தினார். "நான் சொன்னதைச் சொல்ல வேண்டி வருமே."

"அதுதானே." அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்களை மறைக்கறதுக்கு நான் சிரிப்பாச் சிரிக்கணும். அந்த மைக்கு அங்க இருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவர் விரலால் வெறுந்தட்டைத் துடைத்தார். "கேட்ல சொன்னாங்க. வீட்ல சொல்லிடு, காலைல சத்தம் வேண்டாம்னு. வந்து சொல்லணும்னுதான் இருந்தேன். அன்னைக்குத்தான் பாப்பா வந்து நின்னா. மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்க!"

"மறந்தேதான் போச்சு. ஆனா..." இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. "ஞாபகம் இருந்தாலும் உன்கிட்ட வந்து சத்தம் போடாதேன்னு யாரு சொல்றது?"

கதவருகே ஒரு செருமல். மகள் எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. சலவைக்கா பேச்சை மாற்றப் பார்த்தாள். "சாப்பிட வா பாப்பா. இது வேற ஒண்ணு, மெஷின் ரிப்பேர் பத்தி."

"அம்மா" என்றாள் மகள், "அன்னைக்குக் காலைல நான் தூங்கலை."

உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"நீ மெதுவாப் பேசறதா நினைச்சுப் பேசினதே அடுத்த வரிசைக்குக் கேட்டிருக்கும். எனக்குக் கேக்காதா? ஜன்னலுக்குக் கீழயே நின்னு பேசினீங்க. அப்பா சொன்னதும் கேட்டுது, நீ சொன்னதும் கேட்டுது."

"அப்புறம் ஏன்டி அப்பா, அப்பான்னு ஊரெல்லாம் பெருமை பேசினே?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். கோபமாக இல்லை, பழைய வாடிக்கையாளரைப் பார்க்கிற மாதிரி. "சாயங்காலம் வந்து இருன்னு சொன்னாருல்ல. அது மாறாம இருக்கணும்ல? நாலு பேருக்குத் தெரிஞ்சுட்டா அப்புறம் மனசு மாற முடியாது பாரு. அதான் தெரிஞ்சவங்க, தெரியாதவங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சேன்."

வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தன்னைப் பற்றி ஊர் பேசிய பெருமையெல்லாம் தன்னைக் கட்டிப்போட்ட கயிறு என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

சலவைக்காவுக்குச் சமாதானம் ஆகவில்லை, ஆத்திரம்தான் கூடியது. "ஆக, அவருக்கும் தெரியும், உனக்கும் தெரியும், ஊருக்கும் பாதி தெரியும். நான் ஒருத்திதான் முட்டாள் மாதிரி வாயைக் கட்டிக்கிட்டு அந்த ஆபீஸ்ல உக்காந்திருந்தேன். நீ வெளிய இருக்கியேன்னு!"

"கட்டாதே" என்றாள் மகள். "யாருக்காக இனிமே?"

விடுமுறை நாளன்று காட்சிக்கூடத்தில் கூட்டம் நெரியும். சலவைக்கா காலை வேலையை முடித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் வீட்டுக்காரர் இருந்தார். அவள் உள்ளே போகக் காலெடுத்து வைத்ததும், "நில்லு" என்றார். அவள் முறைத்தாள். அவர் ஒரு டிக்கெட்டைக் கிழித்து அவள் கையில் கொடுத்தார். "இதை வெச்சுக்கோ" என்று மட்டும் சொன்னார்.

அவள் சிமெண்டு மரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். யாரோ அழுத்தினார்கள். குருவி முதல் ஸ்வரத்தை எடுத்தது. அவள் பாய்லருக்கும் மெஷினுக்கும் மேலே பேசிப் பழகிய குரலை எடுத்தாள்.

"என் மகளைக் கைநீட்டி அடிச்சவன்கிட்ட அவளைத் திருப்பி அனுப்பறதா இருந்தா, முதல்ல..."

மரம் சொன்னது: "என்னை அனுப்பிடுங்க! இப்பவே அனுப்பிடுங்க!"

சிரிக்கத் தயாராக இருந்த வாய்கள் அப்படியே நின்றன. ஒரு பிள்ளை மட்டும் சிரித்தது. அதன் அம்மா அதன் தோளைப் பிடித்தாள்.

"நீங்களா அது?" என்றாள் அந்தத் தாய்.

"நான்தான். துண்டாக்கிப் போட்டிருக்காங்க. மிச்சத்தைச் சொல்ல வந்தேன்."

"அப்புறம் அந்தப் பொண்ணு போச்சா?"

"வரும்போது உங்களுக்கு ரூம் சாவி எடுத்துக் குடுத்தாளே, அவதான்."

அடுத்த கூட்டம் வந்தது. அவர்களும் அழுத்தினார்கள். அவளும் சொன்னாள். அதற்கடுத்த கூட்டத்துக்கும் சொன்னாள். குருவியின் பாட்டு ஒருவர் காதிலும் விழவில்லை. கழுத்தில் பைனாகுலர் தொங்கிய ஒருவர் பொறுமை இழந்தார். "அம்மா, ரொம்ப தூரத்துல இருந்து வரோம். குருவி பாட்டைக் கேக்க விடுங்களேன்."

"அதைத்தான் சார் நானும் சொல்றேன். குருவி பாட்டு மட்டும் கேட்டாப் போதும். அந்த ரூம்ல இருக்கறவர்கிட்ட நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவர் சொல்லியிருக்க வேண்டும். மேனேஜர் வேகமாக வந்தார். கூட்டத்துக்கு முன்னால் சலவைக்காவிடம் குரலை உயர்த்த அவருக்குத் தைரியமில்லை. வாசலில் இருந்தவரைக் கூப்பிட்டார். "உங்க வீட்டம்மாவைக் கூட்டிட்டுப் போங்க. வேலை செய்யறவங்க இங்க வந்து நிக்கக் கூடாது."

வீட்டுக்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "அவங்க வேலையா வரலை சார். டிக்கெட் வெச்சிருக்காங்க. கூடம் மூடற வரைக்கும் நிக்கலாம்."

அவர் வாழ்நாளில் மேனேஜரிடம் சொன்ன நீளமான பேச்சு அதுதான். சலவைக்கா கையிலிருந்த டிக்கெட்டை உயர்த்திக் காட்டினாள். பொத்தானை யாரோ மறுபடி அழுத்தினார்கள். அவள் மூச்சை இழுப்பதைப் பார்த்ததும் மேனேஜர் தானே குனிந்து, சிமெண்டு மரத்துக்குப் பின்னால் கைவிட்டு, வயரைப் பிடுங்கினார்.

ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை, அந்தத் தாடிக்காரத் தம்பியைத் தவிர. குருவி பல மாதம் ஊமையாக இருந்தது. பொத்தானை அழுத்திவிட்டு, காது வைத்துவிட்டு, மெஷின் கெட்டுப்போச்சு என்று ஜனங்கள் போனார்கள். சமையல்காரர் ஒரு தடவை வழக்கம்போல வாயைத் திறந்து "எப்பப் பயணம்" என்றார். "நீ சமைக்கறதைச் சாப்பிட்டா சீக்கிரமே போயிடுவேன்" என்றாள். அதோடு அது முடிந்தது.

மறுபடி கூடு கட்டும் பருவம் வந்தபோது ஒலிப்பதிவுக்காரர் கேட்டுக்குப் போகாமல் நேராகச் சலவைக்கூட வாசலில் வந்து நின்றார். "அக்கா, நாளைக்கு வெச்சுக்கலாமா? உங்களுக்கு எப்போ தோதுப்படும்?" மேனேஜர் தன் பங்குக்கு, அமைதி காக்கவும் என்று எழுதிய பெரிய பலகை ஒன்றை அனுப்பி வைத்தார், சலவைக்கூடத்தில் மாட்டச் சொல்லி. நல்ல கனமான பலகை. பிழியும் மெஷின் நடக்காமல் இருக்க அதன் அடியில் இன்றைக்கும் அதுதான் முட்டுக் கொடுத்திருக்கிறது.

மறுநாள் விடிந்ததும் இரண்டு பேரும் விரிப்பின் இரு முனைகளைப் பிடித்தார்கள். ஒரு வார்த்தை இல்லை. இழு என்பதற்குப் புருவம், கிட்டே வா என்பதற்குத் தாடை. வீட்டுக்காரர் தப்பான முனையை மடித்தார். அவள் கண்ணாலேயே திட்டினாள். குருவி மரத்தின் அடியில் வந்து ஒட்டியது. வழக்கம்போலக் கீழிருந்து சுற்றிச் சுற்றி ஏறியது. பாதி மரத்தில் நின்று, மூக்கைத் தூக்கி, பாடியது. கடைசி ஸ்வரம்வரை முழுசாக. புதருக்குப் பின்னாலிருந்து தம்பி கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

"முடிஞ்சுதா?" என்றாள் சலவைக்கா. "இவ்வளவுதானா? நான் பேசினதுல பாதிகூட வராது."

"இவ்வளவுதான்க்கா. அருமையா வந்திருக்கு."

"மைக்கை அணைச்சுட்டியா?"

"அணைச்சுட்டேன்."

"வயரைப் பிடுங்கு தம்பி. பிடுங்கிக் காட்டு."

அவர் பிடுங்கி, வயரின் நுனியைத் தூக்கிக் காட்டினார். பெட்டியை எடுத்துக்கொண்டு அவர் வளைவு தாண்டிப் போகும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு விரிப்பைத் தன் பக்கம் ஒரு இழுப்பு இழுத்து, முந்தின நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்ததை வீட்டுக்காரரிடம் ஆரம்பித்தாள். அவர் முனையைப் பிடித்தபடி நின்று கேட்டார். என்ன சொன்னாள் என்பது அவர்கள் இரண்டு பேரோடு போயிற்று.